பொட்டு வைத்த பேனா

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பேனாவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அதன் பலனைத் திங்கட்கிழமை காலையில் நான் அனுபவித்தேன்.

சாதாரணப் பேனா என்றால் பாதகமில்லை. இது எழுதாது. படிக்கும். அச்சடித்த வரியின் மேல் மூக்கை வைத்து இழுத்தால், மூக்கின் அடியில் இருக்கும் குட்டிக் கேமரா எழுத்துகளைப் பார்த்துச் சத்தமாக வாசித்துக் காட்டும். மலாயும் ஆங்கிலமும் சுத்தமாக வரும். தமிழும் வரும் — விமான நிலையத்தில் அறிவிப்பு செய்கிற பெண், தூக்கக் கலக்கத்தில் கல்யாணப் பத்திரிகை வாசிப்பதைப் போல.

என் தங்கை செல்வி, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதித் தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்து அதை வாங்கினாள். தன் மகள் யாழினிக்காக. யாழினி நாலாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு கதையைச் சொன்னால் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வாள். நாம் சொல்லாததையும் சேர்த்துச் சொல்வாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால்... எழுத்துகள் அவளுக்கு முன்னால் நிற்பதில்லை. ஓடுகின்றன, இடம் மாறுகின்றன, தலைகீழாக நின்று வேடிக்கை காட்டுகின்றன.

டிஸ்லெக்சியா என்றார் டாக்டர்.

"மருந்து இருக்கா டாக்டர்?" என்று கேட்டாளாம் தங்கை.

"மருந்து இல்ல. வழி இருக்கு."

அந்த வழிதான் பேனா. சரி, வழி கிடைத்துவிட்டது. வகுப்பில் அதைப் பயன்படுத்த அனுமதி? அங்கேதான் சிக்கல். பேனாவோடு அவள் இப்போதிருக்கும் வகுப்பிலேயே இருக்கலாமா, அல்லது வேறொரு பள்ளியில் இருக்கும் சிறப்பு வகுப்புக்குப் போய்விட வேண்டுமா — இதை முடிவு செய்யத்தான் திங்கட்கிழமைக் கூட்டம். அந்தச் சிறப்பு வகுப்பு ஒன்றும் மோசமில்லை. ஆனால் அங்கே தமிழ் கிடையாது. பக்கத்து நாற்காலி ஹேமாவும் கிடையாது. யாழினிக்கு இரண்டாவதுதான் பெரிய இழப்பு.

செல்வி போன் செய்தாள்.

"அண்ணே, எனக்கு மார்னிங் ஷிப்டு. லீவு கேட்டா சூப்பர்வைசரு மொறைப்பாரு. நீ போயிட்டு வாயேன். வீட்டுல சும்மாதானே இருக்கே?"

பல வருடங்களாக வாரம் தவறாமல் இந்தப் பத்திரிகையில் இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இதற்குப் பெயர் சும்மா இருப்பது. சும்மா இருப்பதற்கு ஞானிகள் படாத பாடு பட்டார்கள். எனக்கு அது சுலபமாகக் கைவந்துவிட்டது என்பது என் தங்கையின் அபிப்பிராயம்.

போனேன்.

சுங்கை பினாங்கில், அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பக்கத்தில்தான் பள்ளி. தலைமையாசிரியை அறையில் காத்திருந்தோம். யாழினி நீலச் சீருடையில், பேனாப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்காக யாரோ புண்ணியவான் நன்கொடையாகக் கொடுத்த டேப்லெட்டுகள். வரிசையாக. பிளாஸ்டிக் உறை கூடப் பிரியாமல். மேலே, அவற்றை ஒப்படைத்த விழாவின் போட்டோ.

"இதெல்லாம் பிள்ளைங்க எடுக்கிறதில்லையா?" என்று பள்ளி அலுவலகக் கிராணியிடம் கேட்டேன்.

"கெட்டுப் போயிரும்ல சார்?" என்றார் அவர், என்னைப் பரிதாபமாகப் பார்த்து.

சரிதான். நம் இனத்தின் மரபு அது. புதிய பொருள் வாங்கினால் பொட்டு வைப்போம், மாலை போடுவோம், போட்டோ எடுப்போம், பூட்டி வைப்போம். பயன்படுத்துவது ஒன்றுதான் பாக்கி... அதற்குள் அடுத்த மாடல் வந்துவிடும்.

தலைமையாசிரியை வந்தார். பின்னாலேயே யாழினியின் வகுப்பாசிரியை பரிமளா டீச்சர், கை நிறையப் பயிற்சிப் புத்தகங்களோடு. அந்தப் புத்தகங்களை மேசையில் வைத்தபோது அவர் விட்ட பெருமூச்சு எனக்கு ரொம்பப் பரிச்சயமானது. நானும் அதே மூச்சைத்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் ஒரு வாதத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அருமையான வாதம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினேன்.

"இப்ப, நாம எல்லாம் மூக்குக் கண்ணாடி போடுறோம்..."

"கண்ணாடி உதாரணமா சார்?" என்றார் தலைமையாசிரியை. "போன வாரம் ஒரு அப்பா சொல்லிட்டாரு. அதுக்கு முந்தி கவுன்சலர் சொன்னாங்க. வேற ஏதாச்சும் இருக்கா?"

வேறு இல்லை.

பரிமளா டீச்சர்தான் பேசினார். "சார், தப்பா நெனைக்காதீங்க. வகுப்பு நிறையப் பிள்ளைங்க, நான் ஒருத்தி. இவளுக்கு மட்டும் பேனான்னா நாளைக்கு எல்லாரும் எனக்கும் வேணும்னு நிப்பாங்க. அது தாப்பாலா, பரவாயில்ல, சமாளிச்சுக்கலாம். என் கவலை வேற. பேனாவே படிக்குது, பேனாவே சொல்லுது. அப்புறம் இவ எதைத்தான் யோசிப்பா? சொல்லுங்க."

நியாயமான கேள்வி. பதில் தெரியாதபோது அறிவாளிகள் செய்வதை நானும் செய்தேன். "ஒரு டெமோ பாத்துருவோமே!"

தலைமையாசிரியை ஒரு பாடநூலை எடுத்து, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார். யாழினி பேனாவை எடுத்தாள். வரியின் மேல் வைத்து நிதானமாக இழுத்தாள்.

"மீண்டும் முயற்சி செய்க" என்றது பேனா.

இழுத்தாள்.

"மீண்டும் முயற்சி செய்க."

பள்ளிக்கூட நாள் முதல் எனக்குச் சொல்லப்பட்டுவரும் அதே அறிவுரை. ஆனால் அன்று காலை அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். யாழினியின் காது மடல் சிவந்தது. பேனாவைத் திருப்பி அதன் மூக்கை உற்றுப் பார்த்தாள்.

"மாமா... ஐயரு பொட்டு வச்சிட்டாரு."

"என்னது?"

"அம்மா வெள்ளிக்கிழம கோயிலுக்குக் கொண்டு போனாங்க."

விஷயம் விளங்கியது. பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளின் பேனா பென்சிலையெல்லாம் பிள்ளையார் முன்னால் தட்டில் வைத்துப் பூசை செய்து வாங்குவது இங்கே வழக்கம். கூட்டம் என்றால் அதுவும் பரீட்சைதானே என்று தங்கை இதையும் தட்டில் வைத்திருக்கிறாள். ஐயர் பாகுபாடு பார்க்காதவர். எல்லாப் பேனாவுக்கும் மூக்கில் பொட்டு. சந்தனம் காய்ந்து, கேமராவின் மேல் சிமெண்டாக இறுகியிருந்தது.

"அலாமாக்!" என்றார் பரிமளா டீச்சர். வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, பரிதாபமா — தெரியவில்லை.

கைக்குட்டையால் துடைத்தேன். யாழினி நகத்தால் சுரண்டினாள். தலைமையாசிரியை தன் கைப்பையிலிருந்து ஈரத் துணி எடுத்துக் கொடுத்தார். பாதி போனது. மீதி போகமாட்டேன் என்றது. தெய்வ சம்பந்தம்... அவ்வளவு சீக்கிரம் விடுமா?

மறுபடியும் இழுத்தாள். இந்த முறை பேனா பேசியது. அரைக் கண்ணால் பார்த்துப் பேசியது.

"குமரன்... ஏறினான். பலத்த... வீசியது. அவன் கையில் இருந்த... கடலில் விழுந்தது."

போச்சு என்று நினைத்தேன். கிளம்புவதற்கு வசதியாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

யாழினி பேனாவைக் காதருகே வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, "ஃபெரியில ஏறிட்டான் டீச்சர்" என்றாள்.

"எப்படிச் சொல்றே?" என்றார் பரிமளா டீச்சர்.

"கடல்ல விழுந்துச்சுன்னு சொல்லுதே. நாம ஃபெரியிலதானே போவோம்? காத்து பலமா அடிச்சிருக்கு. கையில வச்சிருந்த குடை பறந்து போச்சு."

டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார். "ஃபெரி சரி. காத்து சரி. குடை இல்லம்மா. தொப்பி."

"தொப்பியா?" யாழினிக்கு அது பிடிக்கவில்லை. "தொப்பின்னா தலையிலதானே இருக்கும் டீச்சர்? அவன் ஏன் கையில வச்சிருந்தான்?"

தலைமையாசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து வாசித்தார்.

"ஆமால்ல? ஏன் கையில வச்சிருந்தான்?"

"எழுதுனவங்களைத்தான் கேக்கணும்" என்றார் பரிமளா டீச்சர். இப்போது சந்தேகமே இல்லை, சிரித்தேவிட்டார். "நானும் வருசா வருசம் நடத்துறேன். ஒரு பிள்ளை இதைக் கேட்டதில்ல."

அவர் யாழினியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா யோசிக்கவில்லை என்பதைப் பேனாவே நிரூபித்துவிட்டது — பாதியை விழுங்கியதன் மூலமாக. நல்ல நிலையில் இருந்து முழுப் பக்கத்தையும் கடகடவென்று ஒப்பித்திருந்தால், டீச்சரின் கேள்விக்கு என்னிடம் என்ன பதில் இருந்திருக்கும்? மூக்குக் கண்ணாடிதான்.

முடிவு? ஆரவாரமெல்லாம் வேண்டாம். அரையாண்டு விடுமுறை வரைக்கும் வகுப்பில் பேனாவைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அப்புறம் இன்னொரு கூட்டம். அதற்கும் நான்தான் போவேன்... சும்மாதானே இருக்கிறேன்!

"விலை கூடின பொருள். நம்ம அலமாரியிலேயே பத்திரமா பூட்டி வச்சிருவோம்" என்றார் தலைமையாசிரியை.

யாழினியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கண்ணாடி அலமாரியையும் மடியிலிருந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேணாம் டீச்சர்" என்றது ஒரு குரல். என்னுடையதில்லை. பரிமளா டீச்சர். "என் மேசை டிராயர்ல இருக்கட்டும். வேணும்கிறப்ப அவளே எடுத்துக்கட்டும், பள்ளி விட்டதும் வீட்டுக்கும் கொண்டு போகட்டும். கெட்டுப் போனா போகட்டும்."

பயிற்சிப் புத்தகங்களை மறுபடியும் அள்ளிக்கொண்டு, அதே பெருமூச்சோடு வகுப்புக்குக் கிளம்பினார். யாழினி அவருக்கு முன்னால் ஓடினாள். ஹேமாவிடம் சொல்ல வேண்டுமே!

மத்தியானம் செல்வி சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சந்தனம், சிமெண்டு எல்லாம்.

"பாத்தியாண்ணே! பூசை பலிச்சிருச்சு."

"செல்வி, பூசையாலதான் பேனாவே..."

"அதான் சொல்றேன். பூசையாலதான்."

பகுத்தறிவு பேசுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அதைவிட, என் தங்கை சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேனாவின் மூக்கைப் பஞ்சால் முழுக்கத் துடைத்துக் கொடுத்தேன். இப்போது யாழினி கண்ணில் பட்டதையெல்லாம் அதை வைத்துப் படிக்கிறாள். மீலோ டின், மின்சார பில், என் பிரஷர் மாத்திரை அட்டை. நேற்று என் வீட்டுக்கு வந்தவள், போன வாரம் இதே இடத்தில் நான் எழுதியதைக் கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் செய்யாத காரியம். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விமான நிலையப் பெண் என் நகைச்சுவைகளை ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டே வந்தாள். பாதிப் பத்தியில் யாழினி பேனாவை அணைத்துவிட்டாள்.

"ஏன்டா, சரியாப் படிக்கலியா?"

"பேனா நல்லாத்தான் படிக்குது மாமா. நீங்கதான் ரொம்ப இழுக்குறீங்க."