ஜாவாவிலிருந்து வந்த பாதி

ஓடுகிற பெல்ட்டில் கையால் திருநீறு பூசுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் வாராவாரம் பார்க்கிறேன். அந்த ஆள் என் கூடப் பிறந்த அண்ணன்.

தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் டைப்பிஸ்ட். கண்டியில் கல்லூரி முடித்தவன், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதன்முதலாகக் காற்சட்டை மாட்டியவன். இந்த மலையில் என் விரல் வேகத்துக்கு ஆள் கிடையாது, சும்மா சொல்லவில்லை. அண்ணன் கீழே ஸ்டோரில் என்ஜின் டிரைவர். கொழுந்தைத் தேயிலையாக்கும் தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். ஒரே என்ஜின் கூரையடியில் ஒரு நீள இரும்புத் தண்டைச் சுழற்றும்; அதிலிருந்து பெல்ட்டுகள் இறங்கி, கொழுந்தைக் கசக்கும் ரோலர்களைச் சுழற்றும்.

அந்தச் சக்கரங்களில் ரோதை முனி குடியிருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். காவல் நிற்பவரும் அவர்தான், கோபம் வந்தால் கையைக் காலைக் கேட்பவரும் அவர்தான். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் என்ஜினை நிறுத்துவார்கள். அண்ணன் சூடம் காட்டி, ஒவ்வொரு பெல்ட்டின் மேலும் நீளத்துக்குத் திருநீறு இழுத்துக்கொண்டு போவார். போகிற வழியில் எங்கே நார் பிரிந்திருக்கிறது, எங்கே தையல் விட்டிருக்கிறது என்பது விரலில் தட்டும். அங்கேயே தைத்துவிட்டுத்தான் என்ஜினைக் கிளப்புவார்கள். யாரும் இதை ஒரு வேலை என்று நினைத்ததில்லை. பூசை, அவ்வளவுதான்.

போன மழைக்கு முன் லண்டன் கம்பெனி ஒரு வெள்ளைக்காரரை அனுப்பியது. அதே கம்பெனிக்கு அசாமிலும் ஜாவாவிலும் தோட்டங்கள் உண்டு, ஆப்பிரிக்காவில் ஒன்று புதிதாகத் திறக்கிறார்கள். ஒரு தோட்டத்தில் கண்ட நல்ல வழியை மற்றத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவதே அவர் உத்தியோகம். தேயிலை விலை தரையில் கிடந்த நேரம். யாரை வேலையை விட்டு நிறுத்திக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்களோ என்று லயம் முழுக்கக் குசுகுசுப்பு. அவர் சொன்னதற்கெல்லாம் எங்கள் தோட்டத்து மேனேஜர் துரை தலையாட்டினார்.

வந்தவர் பூசையைப் பார்த்தார். ஜாவாவில் வேலை நாளில் என்ஜினை நிறுத்துவதே கிடையாது என்றார். அது எப்படி முடியும் என்று நான் வாயைக் கொடுத்தேன். மனிதர் கோபிக்காமல் சொன்னார்: அங்கே சக்கரங்களைச் சுற்றிக் கம்பி வலை; பெல்ட்டுகளைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஓர் ஆள்; பழசைக் கழற்றி மாட்ட மாற்றுப் பெல்ட்.

பிறகு லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. வேலை நாளில் என்ஜின் நிற்கக் கூடாது. அந்த ஒரு வரிதான். நானே டைப் அடித்து, தமிழிலும் எழுதி, ஸ்டோர்க் கதவில் ஒட்டினேன். கம்பி வலையும் தனி ஆளும் ஜாவாவிலேயே தங்கிவிட்டார்கள். வலை எப்போது வரும் என்று துரையிடம் இங்கிலீஷில் கேட்டேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

“வலைக்கு உத்தரவு வந்ததா?”

“இல்லை சார்.”

“அப்படியானால் போய் டைப் அடி.”

முதல் வெள்ளிக்கிழமை நானும் ஸ்டோருக்கு இறங்கினேன். அண்ணன் திருநீற்றுத் தட்டோடு நின்றார். என்ஜின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“ஞாயித்துக்கெழம என்ஜின் நிக்கும்லண்ணே, அப்பப் பூசு!”

“நீ வெள்ளிக்கெழம பசிச்சா ஞாயித்துக்கெழமயா திம்ப?”

“ஒரு வாரம் பூசாட்டி முனி கோவிச்சுக்கிட்டு ஊருக்கா போயிருவாரு?”

“அவரு போக மாட்டாருடா. இந்த ரோலர்க்காரனுங்க போயிருவானுங்க. திருநீறு படாத ரோதகிட்ட எவன் நிப்பான்? தொர நம்மளத்தான் கேப்பாரு. நீ டவுசரோட வந்து கொழுந்து அள்ளிப் போடுறியா?”

ரோலர்க்காரர்கள் சிரித்தார்கள். அண்ணன் கையை நீட்டினார். விரல் நுனி பட்டதும் பெல்ட்டில் ஒரு வெள்ளைக் கோடு மின்னி மேலே ஏறி மறைந்தது, மறுபடி வந்தது. தொட்டதும் எடுத்துவிட வேண்டும். அந்த வேகத்தில் விரலுக்கு நார் தெரியுமா, தையல் தெரியுமா?

அடுத்தடுத்த வாரங்களும் அப்படியே போயின. பிறகொரு வெள்ளிக்கிழமை அவர் தோளில் கிடந்த துண்டின் முனையைப் பெல்ட் கவ்வியது. இழுத்ததுகூடத் தெரியவில்லை. துண்டு மேலே போய்த் தண்டில் சுற்றி, கிழிசலாக எங்கள் தலையில் விழுந்தது. அண்ணன் தோளைத் தடவிக்கொண்டார். கழுத்தோரம் சிவந்திருந்தது. ஒரு ரோலர்க்காரர் மேலே பார்த்துக் கும்பிட்டார்.

“முனி துண்டு கேட்டுச்சுப்பா, வாங்கிக்கிருச்சு.”

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது! “பாத்தியா தம்பி? ஓடும்போது பூசுனாலும் ஏத்துக்கிறாரு. இனி வாரம் ஒரு புதுத் துண்டு போட்டுக்கிட்டு வந்தாப் போதும்.”

“அண்ணே, அது துண்டு. கழுத்துல சுத்தியிருந்தா?”

“படிச்சவன் வாயில நல்ல வார்த்தையே வராது” என்று எல்லாரும் என் மேல் பாய்ந்தார்கள்.

அன்றிலிருந்து ஸ்டோரில் ஒரு சத்தம். எங்கோ ஒரு பெல்ட்டில் தையல் விட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டப்’ என்று அடிக்கிறது. ஆபீஸில் டைப் அடிக்கும்போதும் கேட்கிறது. என் விரல்களே அந்தத் தாளத்துக்கு ஓடுவதைக் கண்டு இரண்டு தடவை கையை எடுத்துவிட்டேன். அண்ணனிடம் சொன்னேன். “முனி பேசுது” என்றார்.

இன்று காலை துரை லண்டனுக்கு அறிக்கை சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்: ஜாவா முறை இங்கே வெற்றி. நிறுத்தம் அறவே இல்லை. தொழிலாளர் தங்கள் சடங்கை இயந்திரம் ஓடும்போதே செய்யப் பழகிவிட்டார்கள். ஆப்பிரிக்கத் தோட்டத்துக்கும் இதையே சிபாரிசு செய்கிறேன். கடைசியில் கம்பி வலையைப் பற்றி நானாக ஒரு வரி சேர்த்தேன். அவர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, புதிதாக அடிக்கச் சொன்னார்.

இன்று வெள்ளிக்கிழமை. அண்ணன் புதுத் துண்டு போட்டுக்கொண்டு ஸ்டோருக்குள் போயிருக்கிறார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.