‘வராதே’ என்ற நர்ஸ்

எந்த வேலையிலும் நிலைக்காமல் சுற்றிய எனக்கு, தொண்ணூறுகளில் மைசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் புற்றுநோய்க் குழந்தைகள் வார்டைத் துடைக்கும் வேலை கிடைத்தது. அங்கே கொள்ளேகால்காரரான நர்ஸ் சரோஜா மூன்று பேர் வேலையை ஒற்றை ஆளாகப் பார்த்தார். அவர் சிரித்து நான் கண்டதில்லை.

ஹனூர்ச் சிறுமி செல்வி குணமாகி வீட்டுக்குக் கிளம்பினாள். “போயிட்டு வரேன் சிஸ்டர்” என்றாள்.

“வராதே. போ” என்றார் சரோஜா.

செல்வியின் அம்மா அழுதுவிட்டாள். “புள்ளைகிட்டப் பேசற பேச்சாங்க இது?” என்று கத்திய நான், மேட்ரனிடம் போய்ப் புகார் சொன்னேன். மேட்ரன் எல்லார் முன்னாலும் சரோஜாவை மன்னிப்புக் கேட்க வைத்தார். “போயிட்டு வாம்மா” என்றும் சொல்ல வைத்தார்.

இரண்டே மாதத்தில் செல்வி அம்மாவின் தோளில் திரும்பி வந்தாள். “சிஸ்டர், வந்துட்டேன்!”

அவள் கையில் நரம்பு தேடிய சரோஜா, பாதியில் நிறுத்தி ஊசித் தட்டைக் கீழே வைத்தார். “இதுக்குத்தாண்ணா வராதேன்னேன். திரும்பி வந்த எத்தனை புள்ளைங்க என் கையிலயே செத்திருக்கு தெரியுமா? இனி என்னால ஆகாது” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பிறகு வேலைக்கு வரவேயில்லை.

ஒவ்வோர் ஊசிக்கும் செல்வி சரோஜாவைக் கேட்டு அழுதாள். துடைப்பத்தோடு பக்கத்தில்தான் நின்றேன். மேட்ரனிடம் ஓடத் தெரிந்த எனக்கு, அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தை தெரியவில்லை.