சனிக்கிழமை ரசாயனம்

என் அக்கா ரசாயனம் படித்ததில் எனக்கும் பங்கு உண்டு. இதைச் சொன்னால் அவள் இன்றைக்கும் சிரிப்பாள். சிரிக்கட்டும். அவள் படித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே அறையின் கடைசி பெஞ்சில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நான் அங்கே தூங்கியிராவிட்டால் அவள் படித்திருக்க முடியாது.

போருக்கு முந்திய வருஷங்கள் அவை. எங்கள் தீவுப் பட்டணத்தில், சூலியா ஸ்ட்ரீட்டிலிருந்து கிளை பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினாறு. நாங்கள் இருவரும் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம். சீனியர் பரீட்சைக்குப் போகும் வகுப்புக்கு அந்த வருஷம் ஒரு தாள் கொடுத்தார்கள். பாடங்களெல்லாம் அதில் அச்சிட்டிருந்தன. விஞ்ஞானம் என்ற தலைப்பின் கீழ் நான்கு: தாவரவியல், சுகாதாரம், மனையியல், ரசாயனம். ஒன்றுக்கு எதிரே குறி போட்டு, வருஷத்தின் நடுவில் அப்பாவின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். முதல் மூன்றையும் எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான்காவது அந்தத் தாளில் மட்டும்தான் இருந்தது.

அக்காவுக்கு அந்த நான்காவதுதான் வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரிக்கு அவளாகவே கடிதம் எழுதி, என்னென்ன படித்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். பதில் வந்தது. சுகாதாரத்தையும் மனையியலையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. ரசாயனம் இல்லாமல் வராதே என்பதைத்தான் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துத் தலைவியான மதர் நல்லவர். பெண்பிள்ளைக்குச் சுகாதாரம் போதும் என்று மூன்று நாள் சொல்லிப் பார்த்தார். நாலாம் நாள், ஆண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் ரசாயன மாஸ்டருக்குக் கடிதம் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் அங்கே போய்ப் படிக்கலாம். ஆனால் வீட்டிலிருந்து யாராவது கூட இருந்தாக வேண்டும். மாஸ்டர் செய்முறைப் பரீட்சை ஒன்று வைத்து, இவள் தேறுவாள் என்று எழுதிக் கொடுத்தால்தான் ரசாயனத்துக்கு எதிரே குறி போடலாம்.

அம்மாவுக்குச் சனிக்கிழமை பசாருக்குப் போக வேண்டும், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி. ஆகவே பதினோரு ஆண்பிள்ளைகளிடமிருந்து என் அக்காவைக் காப்பாற்றும் பொறுப்பு எட்டு வயதுக்காரியான என் தலையில் விழுந்தது.

அந்த அறை இப்போதும் என் கனவில் வருகிறது. ஆளுயர ஜன்னல்கள். வெளியே அங்சானா மரங்கள் மஞ்சள் பூக்களை ஓசையில்லாமல் உதிர்த்தபடி இருக்கும். கடற்காற்று வந்து, கந்தக நெடியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, மறுபடியும் கொண்டுவந்து வைக்கும். சுவரோரம் அலமாரி முழுக்கப் புட்டிகள். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகத் தீப்பிடித்த மாதிரி ஒளிரும். பச்சை, பழுப்பு, தேன்நிறம். மாஸ்டர் வயதான சீனர். ஆங்கிலத்தை அவ்வளவு மெதுவாகப் பேசுவார், இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவேன். பையன்கள் முன்வரிசை மேசைகளில் நிற்பார்கள். அக்கா தனியாக ஜன்னலோர மேசையில். அவளுடைய விளக்கின் நீலச் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. வெறும் காற்றின் மேல் கண்ணாடிக் குழாயைப் பிடித்து அவள் எதையோ கொதிக்கவைக்கிற மாதிரி இருக்கும்.

மூன்றாவது சனிக்கிழமை மாஸ்டர் எனக்கு ஒரு கண்ணாடிக் குவளை கொடுத்தார். அதில் மயில்துத்தம் கரைத்த தண்ணீர். ஒரு நூலில் கடுகளவு மயில்துத்தத்தைக் கட்டி உள்ளே தொங்கவிட்டு, அடுத்த வாரம் வந்து பார் என்று சைகை காட்டினார். அடுத்த வாரம் அது மிளகாகியிருந்தது. அதற்கடுத்த வாரம் பட்டாணி. யாரும் செதுக்காமலே அதற்கு முகங்களும் முனைகளும் வந்திருந்தன. குவளையின் பக்கத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு உள்ளே பார்த்தால் உலகமே நீலமாக இருக்கும். அக்கா நீலமாக நடந்துபோவாள். அப்படியே தூங்கிப்போவேன்.

“உனக்கு எதுக்குக்கா இது?” என்று ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

“அப்பா ஒரு மருந்து கலக்கிக் குடுக்கறாங்க. குடிச்சா வலி போயிடுது. எப்படிப் போவுதுன்னு அப்பாவுக்கே தெரியாதாம். எனக்குத் தெரியணும்” என்றாள்.

இப்படி ஐந்து மாதம் போயிற்று. அப்புறம் அக்கரையில் பிறை என்ற ஊரில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தார். தைப்பிங்கில் ஒரு வரன். கோயில் குடும்பம், அரசாங்க உத்தியோகம். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டார். கேட்கவில்லை, சொல்லிவிட்டார்.

“பரீட்சை இருக்கேப்பா” என்றார் அப்பா.

“என்ன பரீட்சை அத்தான்? அவங்க வருஷக் கடைசிலயே கல்யாணம் வெச்சுக்கணும்னு நிக்கிறாங்க. பொம்பளப் புள்ள கெமிஸ்ட்ரி படிச்சு யாருக்கு லா மருந்து குடுக்கப் போவுது?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தாள். அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் அப்பா குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அம்மா பக்கத்து ஆட்கள் பேசும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், திரும்ப மாட்டும்போது விஷயம் முடிவாகியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலையில்தான் மாஸ்டரின் செய்முறைப் பரீட்சை. அம்மா போகக்கூடாது என்றாள். “வர்றவங்க முன்னால ஆஸ்பத்திரி வாசத்தோட வந்து நிப்பியா?” அக்கா ஒன்றும் பேசவில்லை.

பேசியது நான். பேசியது என்றால், கூடத்துத் தரையில் விழுந்து புரண்டேன். என் மயில்துத்தம் அப்போது புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்திருந்தது. அன்று அதைக் குவளையிலிருந்து எடுத்து எனக்கே தருவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். அக்காவின் கல்யாணமோ பரீட்சையோ எனக்கு ஒரு பொருட்டாக இல்லை. என் நீலக் கல் எனக்கு வேண்டும். மூச்சு நின்றுவிடும்போல அழுதேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, “கூட்டிட்டுப் போய்த் தொலை! பன்னெண்டு மணிக்கு வீட்ல இருக்கணும்” என்றாள். அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்றே சொல்லலாம்.

பரீட்சை இரண்டு மணி நேரம். பெயரெழுதாத உப்பு ஒன்றைக் கொடுத்து, அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். அக்கா தெளிந்த தண்ணீர் போன்ற ஒன்றில் தெளிந்த தண்ணீர் போன்ற இன்னொன்றைச் சொட்டுவிட்டாள். இரண்டும் சேர்ந்த இடத்தில் தயிர் திரண்டது. ஜன்னலருகே வெயிலில் பிடித்தாள். வெள்ளைத் தயிர் மெல்ல மெல்ல ஊதாவாயிற்று. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எங்களில் யாருக்காகவும் வந்ததில்லை. மாஸ்டர் அவளுடைய தாளைப் படித்துவிட்டு, தேறுவாள் என்று மதருக்கு எழுதிக் கொடுத்துத் தலையை ஆட்டினார். பதினோரு பையன்களில் நாலு பேருக்குத்தான் அப்படி ஆட்டினார்.

எல்லோரும் போன பிறகு மாஸ்டர் என் கல்லைத் துணியில் சுற்றித் தர உள்ளறைக்குப் போனார். அக்கா ஜன்னலோரம் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அப்புறம் பழுப்புநிறச் சின்னப் புட்டியைத் திறந்து, கண்ணாடிக் குச்சியைத் தோய்த்து, வலது கை விரல்நுனிகளில் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டாள். பிறகு இடது கை.

“என்னக்கா அது, மருதாணியா?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “ஆமா பாப்பா.”

“எனக்கும் வெச்சு விடு.”

“உனக்கு வேணாம். நீ இன்னும் சின்னப் புள்ள.”

விரலில் ஒரு நிறமும் இல்லையே என்று கேட்டேன். வெயிலில் காய்ந்தால் வரும் என்றாள். ரிக்‌ஷாவில் வரும்போது கூரையின் நிழலுக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டி, மழைத்துளி பிடிக்கிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். நான் மடியில் நீலக் கல்லை வைத்துக்கொண்டு அவள் விரல்களைப் பார்த்தபடி வந்தேன். மருந்துக் கடைகள், பூக்கடை, துணிக்கடை, எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல மிதந்து போயின. அது சில்வர் நைட்ரேட் என்பதும், தோலில் பட்டு வெளிச்சம் கண்டால் நேரம் போகப் போகக் கறுக்கும் என்பதும், நானும் அதே புட்டியைக் கையில் எடுக்கிற வயது வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நாலு மணிக்கு மாமா அவர்களை அழைத்துவந்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் சித்தப்பாவும். அக்கா பட்டுப்புடவையில் காப்பித் தட்டோடு வந்தாள். அந்த அம்மாள் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினாள், எடுக்காமலே நிறுத்தினாள்.

“வெரல்ல என்னம்மா?”

பத்து விரல்நுனிகளும் கரி பூசினாற்போலக் கறுத்திருந்தன. அம்மா அப்போதுதான் அதைக் கவனித்தாள். “காலைல நல்லாத்தானே இருந்துச்சு!” என்றாள். அது இன்னும் மோசமாயிற்று. காலையில் இல்லாதது சாயங்காலத்துக்குள் வந்திருக்கிறதென்றால் எப்படிப்பட்ட நோயாக இருக்கும்?

அக்காவைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு என்று எனக்குப் பட்டது. “அது மருதாணி!” என்று கத்தினேன். “கெமிஸ்ட்ரி கிளாஸ்ல பழுப்புப் புட்டிலேர்ந்து எடுத்து வெச்சுக்கிட்டா! நான் பார்த்தேன்.”

அந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “மருதாணின்னா செவப்பா இல்ல இருக்கும்? பாவம், சின்னப் புள்ளைக்கு இப்படிச் சொல்லச் சொல்லிக் குடுத்திருக்கீங்க” என்றாள். உண்மையைச் சொல்லிப் பொய்க்காரி ஆனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார். “அத்தான், நீங்க ஆஸ்பத்திரிக்காரர். பார்த்துச் சொல்லுங்க, ஒண்ணுமில்லைன்னு.”

அப்பா எழுந்து அக்காவின் கையைப் பிடித்து ஜன்னலருகே கூட்டிப்போனார். ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா தலை நிமிரவில்லை. அப்பா ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை அக்காவின் உச்சந்தலையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

“இப்ப ஒண்ணும் உறுதியாச் சொல்றதுக்கில்ல” என்றார். “கொஞ்ச நாள் போகட்டும், பாக்கலாம்.”

காப்பி ஆறிப்போயிற்று. அவர்கள் ஆறு மணிப் படகுக்கே கிளம்பிவிட்டார்கள். அம்மா அன்றிலிருந்து தினமும் அக்காவின் விரல்களைச் சோப்பு போட்டுத் தேய்த்தாள், தேங்காயெண்ணெய் தடவினாள், எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்தாள். கறை அசையவில்லை. புனித அன்னம்மாளுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். அக்கா கைகளை நீட்டிக்கொண்டு, எல்லா வைத்தியத்துக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா அழுதபோது அவளும் அழுதாள். அவள் அழுதது பொய்யில்லை என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை தைப்பிங்கிலிருந்து கடிதம் வந்தது. அப்பா அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். பையனுக்கு இப்போது அவசரமில்லையாம், எங்கள் பெண்ணுக்காக வேண்டிக்கொள்வார்களாம். அம்மா சமையலறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா கடிதத்தை மடித்து வைத்தார். கோட்டுப் பையிலிருந்து இரண்டு சின்னப் புட்டிகளை எடுத்தார். ஒன்றில் டிங்சர் ஐயோடின், இன்னொன்றில் தண்ணீர்போல ஏதோ. பீங்கான் தட்டு ஒன்று கொண்டுவரச் சொல்லி, அக்காவை எதிரே உட்காரவைத்து, பஞ்சால் முதல் மருந்தைத் தடவினார். விரல்கள் மஞ்சளாயின. இரண்டாவதை ஊற்றிக் கழுவினார். என் கண்ணெதிரே, பத்து நிமிஷத்தில், ஒவ்வொரு விரலாக வெளுத்து, பழைய அக்காவின் விரல்களாக வெளியே வந்தன.

“ரெண்டாவது என்னன்னு தெரியுதா?” என்று அப்பா கேட்டார்.

“ஹைப்போ” என்றாள் அக்கா. வெள்ளிக் கறையைக் கரைக்கிற உப்பு அது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“ம்.” அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். “அந்தத் தாளைக் கொண்டா. திங்கக்கிழமை குடுக்கணுமில்ல?”

ரசாயனத்துக்கு எதிரே அக்கா குறி போட்டாள். கீழே அப்பா கையெழுத்துப் போட்டார். இரண்டு வருஷம் கழித்து அவள் சிங்கப்பூருக்குக் கப்பலேறினாள்.

எனக்கோ அன்று கோபம் கோபமாக வந்தது. ஆறு நாளாக அம்மா எலுமிச்சம்பழமும் சோப்புமாக மாரடித்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷ வேலை. “இந்த மருந்தை அன்னிக்கே கொண்டாந்திருக்கக் கூடாதாப்பா?” என்று கேட்டேன்.

“மறந்துட்டேன் பாப்பா” என்றார்.

அவருடைய மருந்தறையில் எந்தப் புட்டி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார் என்று பேர். அவருக்கா இப்படி மறதி என்று எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. அன்று சாயங்காலம் ஜெபமாலை முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் நான் மட்டும் முழங்காலில் இருந்து, அப்பாவின் ஞாபகசக்திக்காகத் தனியாக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னேன்.