ஒட்டுக்குக் கீழே

மக்டலீன் அக்கா ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி, கண்களை மூடி முகர்கிறார். அதன் பிறகுதான் கத்தரியைக் கையில் எடுக்கிறார். "இந்த மரம் நிக்கிற வீட்டில ஆரோ ஹோலுக்குள்ள சிகரெட் பத்துகினம்" என்கிறார். அவருக்கு உதவிக்கு நிற்கும் என்னுடைய மரம்தான் அது. சிகரெட் பற்றி அவரிடம் நான் ஒருபோதும் மூச்சு விட்டதில்லை.

கனடாவின் ஸ்காபரோவில், வாவியை ஒட்டி நிற்கிறது அக்கா வேலைசெய்யும் கண்ணாடிக்கூடம். குளிர் தொடங்குமுன் நம் சனங்கள் தங்கள் தேசி என்கிற எலுமிச்சை, நாரத்தை, தோடை மரங்களைச் சாடியோடு கொண்டுவந்து விட்டுவிட்டு, மே மாதத்தில் வந்து எடுத்துப்போகிறார்கள். குளிர்காலம் முழுக்க உள்ளே எட்டுப் பாகைக்கு மேல் சூடு ஏறாது. வாவியிலிருந்து வரும் பனிப்புகார் கண்ணாடியில் வழியும். சில காலைகளில் கதவிடுக்கால் உள்ளேயும் வந்து படுத்துக்கொள்ளும். அப்போது நுழைந்தால், ஆள் உயர மரங்கள் நாற்பது, கழுத்தில் பெயர் அட்டையோடு நம்மைப் பார்த்து நிற்பதுபோல இருக்கும்.

அக்கா அவற்றை அட்டையில் உள்ள பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "வசுமதி, உம்மட நடுவைக் கொஞ்சம் திறப்பமே?" ஒன்றையொன்று உரசும் கொப்புகளை எடுத்துவிட்டு, மரத்தின் நடுவே கையை நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். "ஈரக் குளிருக்குள்ள இலையை இலை முட்டினா பூஞ்சணம் பிடிக்கும். என்ர கை ஒண்டிலயும் படாமல் வெளிய வரவேணும்." ஒரு மரம் முடிந்து அடுத்ததற்குப் போகுமுன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைப்பார். பதினேழு வருடம் விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் சாண்ட்விச்சுக்குப் பாண் அடுக்கிய கைகள் அவை. வேலை நடக்கும்போது வானொலி கூடாது. எந்த மரத்துக்கும் முதுகைக் காட்டி நிற்கமாட்டார். ஏன் என்று கேட்டேன். "நிக்கேலாது" என்றார், அவ்வளவுதான்.

போன ஒக்டோபரில் பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து நிரூபா என்ற பெண் ஒரு மரத்தை இறக்கிவிட்டுப் போனாள். அட்டையில் 'ரதி' என்று எழுதியிருந்தது. ரதி அவளுடைய அம்மா; மரம் அவர் வளர்த்தது. இறந்து ஏழு வருடம். "அப்பா நாள் முழுக்க உதோட கதைக்கிறார், அன்ரி. உது வீட்டுக்குள்ள நிக்க எனக்குப் பயமா இருக்கு."

அப்பாவின் பெயர் அமிர்தநாதர். மரம் வந்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயிலும் பஸ்ஸும் மாறி அவர் வந்தார். கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்து, மரத்தோடு தாழ்ந்த குரலில் பேசினார். நவம்பரில் அது ஓர் இலை விடாமல் உதிர்த்துவிட்டது. மற்ற மரங்கள் எல்லாம் பச்சையாக நிற்க, அது மட்டும் விரல் நீள முட்களோடு வெறுங்கொப்பாக நின்றது.

"அவ போனது கார்த்திகையில" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஒவ்வொரு கார்த்திகையும் உது செத்ததுமாதிரி நிக்கும். பங்குனியில எழும்பும். தேசி மரம் எங்கயாவது உப்பிடிச் செய்யுமே, தம்பி?" சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கை வரை கீறல்கள், ஆறியவையும் ஆறாதவையும். "அவவுக்கு இன்னும் கோவம். அவ கண்மூடின கிழமை உதைக் கராஜுக்குள்ள விட்டிட்டு மறந்துபோனன். முழுக் குளிரும் அங்கதான் கிடந்தது."

இரண்டு வருடமாக அது காய்க்கிறதாம். மஞ்சளாய், பூனைமயிர் படர்ந்த சிறு காய்கள். பறித்துவைத்து நாளுக்கு ஒன்று, வெறுவயிற்றில் தின்கிறார். "சரியான கசப்பு. ஆனா அவ தாறதை வேண்டாம் எண்டு சொல்லலாமே?" தகப்பன் தின்றதையெல்லாம் வாந்தி எடுக்கிறார் என்று நிரூபா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். சட்டைக்குள் ஆள் இல்லாததுபோல இருந்தார்.

மரம் வந்த அன்றே அக்காவுக்கு விஷயம் தெரியும். தேசியில் ஒரு காம்புக்கு ஓர் இலை. இதில் மூன்று. ஆனாலும் மாதக்கணக்காக வாய் திறக்கவில்லை. "சொன்னா மனிசன் தாங்குமோ தெரியேல்லை. சொல்லாட்டி உதையே திண்டு சாகும்" என்று என்னிடம் புலம்பினார்.

பெப்ரவரியில் கத்தரிக்கும் காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை அக்கா அந்தச் சாடியின் முன் முழந்தாளிட்டு, மண்ணை விலக்கினார். அடியில் ஒரு புடைப்புத் தெரிந்தது.

"அண்ணை, இஞ்ச பாருங்கோ. உதுதான் ஒட்டு. இதுக்கு மேலதான் தேசி. கீழ இருக்கிறது வேற சாதி, முள்ளுத் தோடை. குளிர் தாங்கும் எண்டு வேருக்கு வைக்கிறவை. கராஜுக்குள்ள தேசி கருகிப்போச்சு. கீழ இருந்தது எழும்பி வந்திட்டுது. குளிருக்கு இலை கொட்டுறது அதின்ர குணம்."

அமிர்தநாதர் அந்தப் புடைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஏழு வருசமா நான் ஆரோட கதைச்சுக்கொண்டு இருந்தனான்?"

கூடத்தில் காற்று இல்லை, மின்விசிறி நிறுத்தியிருந்தது. ஆனால் அந்த மரத்தின் ஒரு கொப்பு மட்டும் மெல்ல அசைந்ததைக் கண்டேன். அக்காவும் கண்டிருக்க வேண்டும். கத்தரியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

பிறகு முட்களுக்குள் கையை விட்டு, ஒட்டுக்குச் சற்று மேலே தடவித் தேடினார். வெகுநேரம். "பொறுங்கோ" என்றார். நெருப்புக்குச்சிப் பருமனில் ஒரு தளிர்; அதில் இரண்டு ஒற்றை இலைகள். நிழலுக்குள் ஏழு வருடம் எப்படிக் கிடந்ததோ! இலையைக் கிள்ளாமல் விரலால் தேய்த்து, அந்த விரலை அமிர்தநாதரின் மூக்கருகே நீட்டினார்.

கிழவர் குனிந்து முகர்ந்தார். "தேசி" என்றார். பிறகு, "வெட்டு, பிள்ளை."

அக்கா ஒரு மணி நேரம் வெட்டினார். முட்கள் கையுறையைத் துளைத்தன. நிலமெல்லாம் பச்சைக் கொப்புகள். சாடியில் மிஞ்சியது அந்தக் குச்சி மட்டும். மண்ணுக்குள்ளிருந்து தனி வேரோடு கிளம்பியிருந்த முள்ளுக் கன்று ஒன்றை மட்டும் தோண்டி, வேறு சாடியில் வைத்துக் கதவடியில் விட்டார். "உயிரோட நிக்கிறதை எறிய எனக்கு ஏலாது." அதற்கு அவர் அட்டை கட்டவில்லை.

மே மாதம் அமிர்தநாதர் மரத்தை எடுத்துப்போக வந்தார். குச்சி ஒரு முழம் வளர்ந்து பதினொரு இலை விட்டிருந்தது. அவருக்கும் கன்னத்தில் சதை வைத்திருந்தது. வாந்தி நின்றுவிட்டதாம். நிரூபா வெளியே காரின் பின்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். அவரே சாடியை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு வாசலைக் கடந்தார். கடக்கும்போது, இடுப்பளவு வளர்ந்து மூவிலைகளாய்த் தழைத்து நின்ற கதவடிக் கன்று அவருடைய சட்டைக் கையைப் பற்றிக்கொண்டது.

அவர் இழுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அப்படியே நின்று, "பிள்ளை" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

அக்கா வந்தார். கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். குனிந்து, துணி கிழியாமல், கொப்பும் ஒடியாமல், ஒவ்வொரு முள்ளாக வெறும் விரல்களால் விடுவிக்கத் தொடங்கினார்.