திருப்பித் தராத படம்

தங்கச்சிமடத்துச் சவேரியார் தம் முகத்தை எந்தக் கருவிக்கும் காட்டுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருந்தபோது, எண் எழுதிய பலகையை நெஞ்சோடு பிடிக்கச் செய்து அவரைப் படமெடுத்தார்கள். விடுதலை நாளில் சட்டையையும் ஜெபமாலையையும் திருப்பித் தந்தார்கள், படத்தைத் தரவில்லை. அதன்பின், மகள் திருமணத்தில்கூடப் புகைப்படக்காரருக்கு அவருடைய முதுகுதான் கிடைத்தது.

அவருடைய நாட்டுப்படகில் கடல் எல்லையைக் காட்டுவது ஒரு கைப்பேசி. அவர் பெயரில் வாங்கியது. இவ்வாண்டு புதிய விதி ஒன்று வந்தது: இணையத்தில் இயங்கும் கருவி எதுவாயினும், பயன்படுத்துபவர் வயது நிரம்பியவர்தாமா என்று முகம் பார்த்த பிறகே திறக்கும்.

“மீச நரைச்சவருகிட்ட வயசு கேக்குதே!” என்று சிரித்தான் மைத்துனன் ஆன்டனி ராஜ். “காட்டுங்க மச்சான், பொண்ணு வீட்டுலருந்தா பாக்க வந்திருக்காக?”

“எடுக்குற மூஞ்சி எங்கன போகுது மாப்ள? யாரு வச்சிருப்பா?”

ஆன்டனிக்குத் தெரியவில்லை.

மனைவி லீமாரோஸ் பொறுமையிழந்தாள். “இங்கன குடுங்க. வயசுதான வேணும்? நானும் பேரன் எடுத்தவதான்.” தன் முகத்தைக் காட்டினாள். கைப்பேசி திறந்தது, படகு புறப்பட்டது.

வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது நீரோட்டம் படகைக் கிழக்கே தள்ளியது. எல்லை எவ்வளவு அருகில் என்று பார்க்கச் சவேரியார் கைப்பேசியை எடுத்தார். வரைபடம் இல்லை. பெயரும் முகமும் பொருந்தவில்லை, உரிமையாளர் முகம் காட்டுக என்னும் அறிவிப்பு மட்டும் நின்றது.

“அக்காவ எங்கன போயிக் கூட்டியாறது? காட்டுங்க மச்சான்.” ஆன்டனியின் குரலில் இப்போது சிரிப்பில்லை. தொலைவில் ஒரு கப்பல் தெரிந்தது, யாருடையதென்று தெரியவில்லை.

சிறையில் தாம் பிடித்த அந்தப் பலகையை ஆன்டனி இதுவரை பிடித்ததில்லை. சவேரியார் அதை நினைத்தார். முகத்து உப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டு கைப்பேசியை நேரே பிடித்தார். இமைக்கச் சொன்னது, இமைத்தார். இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார். பலகை ஒன்றுதான் குறை. வரைபடம் வந்தது. எல்லைக்கு இப்பால்தான் இருந்தார்கள். ஆன்டனி படகை மேற்கே திருப்பினான்.

“என் மூஞ்சி வேல செஞ்சுச்சா?” என்று கரையில் லீமாரோஸ் கேட்டாள்.

“செஞ்சுச்சு. பெறகு என்னோடதையும் வாங்கிக்கிருச்சு. அழிக்க முடியுமான்னு பாரு.”

அவள் தேடிப் பார்த்தாள். பெயரை மாற்ற இடமிருந்தது. எண்ணை மாற்றவும் இடமிருந்தது. படத்தைத் திருப்பிக் கேட்க மட்டும் எங்கும் இடமில்லை.

“மக கல்யாணத்துல போட்டோவுக்கு என் பக்கத்துல நிக்க மாட்டேன்னீங்க. இப்ப ரெண்டு பேரும் சேந்துதான் இருக்கோம்” என்றாள்.

எங்கே என்றுதான் அவளுக்கும் தெரியவில்லை.