போர்டிக்கோவின் மேல் ஒரு கீரைப்பாத்தி

எரிவாயு, மண்ணெண்ணெய், பால்மா என்று நாடே வரிசையில் நின்ற அந்த வருடம் நடந்தது இது. மட்டக்களப்பில், வாவிக்கரையை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. அங்கே வீடுகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டியவை. ஒரு பாய் விரிக்கக்கூட மண்தரை கிடையாது. மரக்கறி விலை ஏற ஏற, நாங்களும் ஒவ்வொருவராக வீட்டு மேல்தட்டுக்கு ஏறினோம். உரப்பை, பெயின்ட் வாளி, உடைந்த சின்க், கையில் கிடைத்ததில் எல்லாம் மண்ணை நிரப்பிக் கத்தரி, மிளகாய், வெண்டி நட்டோம்.

கஷ்டகாலம்தான். ஆனாலும் அந்தப் பின்னேரங்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஏங்குகிறது. கரண்ட் போனதும் ஒழுங்கை முழுவதும் மேலே வந்துவிடும். வாவிக்காற்று முகத்தில் அடிக்கும். ஒரு மேல்தட்டிலிருந்து வல்லாரைக் கட்டொன்று பறந்து வரும். பதிலுக்கு நாலு வெண்டிக்காய் பறந்து போகும். பத்து வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் தலையாட்டுவதோடு நின்றவர்கள், அப்போதுதான் ஆளுக்காள் பெயர் கேட்டுப் பழகினோம்.

எனக்கு உரப்பைகள் போதவில்லை. எங்கள் போர்டிக்கோ, முன்னால் தூண் இல்லாமல் வீட்டுச் சுவரிலிருந்து நீட்டி நிற்கும் கொங்கிரீட் தட்டு. காலை வெயில் அங்கேதான் நன்றாக விழும். அதன்மேல் மூன்று வரி செங்கல் அடுக்கிப் பெரிய பாத்தி கட்டினேன். வவுணதீவிலிருந்து என் கணவரின் மச்சான் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் மண்ணும் சாணமும் கொண்டுவந்து தந்தார். பொன்னாங்கண்ணி இரண்டே மாதத்தில் பச்சைக் கம்பளமாகப் படர்ந்தது. பெருமை தாங்காமல் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டேன்.

மாரி தொடங்க ஒரு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசலில் மேசன் நானா நின்றார். எங்கள் வீட்டைக் கட்டியவர், ஓட்டமாவடிக்காரர். வீடு குடிபுகுந்தபின் நான் அவரைக் கண்டதில்லை. பஸ்ஸில் நின்றபடியே வந்திருக்கிறார், சட்டை வியர்வையில் நனைந்து கிடந்தது. வேலை கேட்டு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

“நானா, இப்ப எங்களுக்கு வேலை ஒண்டும் இல்லையே” என்றேன்.

“வேலைக்கு வரல்ல டீச்சர். மகள்ட போன்ல உங்கட தோட்டத்தப் பாத்தன். அதான் வந்தன்.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேலே கூட்டிப்போய் ஒவ்வொரு செடியாகக் காட்டினேன். அவர் செடியைப் பார்க்கவே இல்லை. போர்டிக்கோவின் ஓரத்தில் குந்தியிருந்து சுவரைத் தடவினார். பிறகு கீழே இறங்கி, தட்டின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தார்.

“இதுக்குக் கீழ ஆராவது இருக்கிறயா டீச்சர்?”

“பின்னேரத்தில பிள்ளைகள் இருந்து படிக்கிறாங்க.”

கரண்ட் இல்லாத நேரத்தில் ஒழுங்கைப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அங்கேதான் நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். காற்று வரும், வெளிச்சம் இருக்கும். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

“இண்டைக்கு அவங்கள உள்ளுக்கு இருத்துங்க. இந்த மண்ண இப்பவே எடுக்கணும்.”

எனக்குக் கோபம் வந்தது. “ரெண்டு மாசமா இருக்கு நானா. ஒண்டும் நடக்கல்லையே.”

“இப்ப வெயில். மாரி விழுந்தா இந்த மண் எவ்வளவு தண்ணி குடிக்கும்? வீடு கட்டக்குள்ள முன்னால ரெண்டு தூண் வைப்பம் எண்டு நான் கேட்டன். அழகு கெட்டுப்போகும், மேல ஆர் ஏறப்போறா எண்டு நீங்கதான் சொன்னீங்க. அதால வெயில் மறைக்கிற அளவுக்குத்தான் கம்பி போட்டன்.”

சத்தியமாக எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை.

அடுத்த கிழமை பார்க்கலாம் என்று இழுத்தேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறி, முதல் செங்கல்லைக் கழற்றிவிட்டார். என் கணவரும் கூடச் சேர்ந்தார். சத்தம் கேட்டு அயலவர்களும் வந்தார்கள். மண்ணை வாளி வாளியாக அள்ளி, நானா காட்டியபடி வீட்டுச் சுவர்களுக்கு நேர்மேலே கொண்டுபோய்க் கொட்டினோம். வேர் அறாமல் பிடுங்கிய கீரையை நான் கூடையில் சேர்த்தேன். உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

சுவரோடு தட்டு சேரும் இடத்தில் இருந்த கடைசிக் கொத்துக் கீரை இழுக்க வரவில்லை. மண்ணைக் கையால் ஒதுக்கிப் பார்த்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீளமாக ஒரு வெடிப்பு. என் விரல்நகம் உள்ளே போனது. பொன்னாங்கண்ணியின் வெள்ளை வேர்கள் அதற்குள் இறங்கியிருந்தன.

மேலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புத்தகப்பையோடு வந்து, வழக்கமான இடத்தில் பாயை விரிக்கத் தொடங்கியிருந்தார்கள். “உள்ளுக்குப் போங்க! எல்லாரும் உள்ளுக்குப் போங்க!” என்று நான் கத்திய கத்தலில் ஒழுங்கையே திரும்பிப் பார்த்தது. நானா என் முகத்தைப் பார்க்காமல் மிச்ச மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் நானாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். “எப்பிடி நானா இவ்வளவு காலமும் ஞாபகம் வச்சிருந்தீங்க?” என்று கேட்டேன்.

“நான் கட்டின வீட்ட நானே மறந்தா, வேற ஆர் டீச்சர் நினைக்கிற?” என்றார்.

அடுத்த கிழமையே வந்து இரண்டு தூண்களை எழுப்பி, அந்தத் தட்டையும் திருத்தித் தந்தார். அயலவர்களும் அவரை விடவில்லை; ஒவ்வொரு தட்டாக ஏற்றி, பாரத்தை எங்கே வைக்கலாம் என்று கேட்டுக் கரியால் கோடு போட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த மாரி முழுவதும் எங்கள் ஒழுங்கை மேலே இருந்து பார்த்தால் பச்சையாகவே கிடந்தது.

இப்போது கடையில் எல்லாம் கிடைக்கிறது. அநேகமான தட்டுகளில் வெறும் வாளிகள்தான் மிச்சம். அன்று பாய் விரித்த பிள்ளைகளில் இரண்டு பேர் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். பரீட்சை முடிந்து ஒரு பிள்ளை என் வகுப்பை விட்டுப் போனால் என் வேலை முடிந்தது என்றுதான், நானா அன்று வந்து நிற்கும்வரை, நினைத்திருந்தேன். இப்போது அப்படி இருக்க முடியவில்லை. பழைய மாணவர்களில் யாராவது ஒருவருடைய ஞாபகம் வந்தால், எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று ஒருமுறை விசாரித்துவிட்டுத்தான் எனக்கு மனம் ஆறுகிறது.