பெட்டியண்ணனும் எங்கள் பழைய மோட்டாரும்

பெட்டியண்ணா, உங்கள் பெயர் மைதீன் என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். ஆர்மோனியப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறவர் என்பதால் தெருவே உங்களைப் பெட்டிக்காரர் என்றது. கூடப்பிறந்தவன் இல்லாத நான் அதோடு அண்ணா என்று சேர்த்துக்கொண்டேன்.

நீங்கள் போன செய்தி வந்தபோது நான் கம்பு இடித்துக்கொண்டிருந்தேன். ரயிலடியில் சவாரிக்காக நிற்க வேண்டிய நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர் வெறும் வண்டியோடு வந்து வாசலில் நின்றார். வண்டியை அணைக்கவில்லை. "மச்சான் போயிட்டாரு" என்றார். அதற்கு முந்தின சாயங்காலம் ஏதோ ஒரு பெட்டிக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாராம். காலையிலேயே அடக்கமும் முடிந்துவிட்டது. உலக்கையைச் சுவரில் சார்த்திவிட்டு உட்கார்ந்தேன். வெளியே வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சீராக ஓடிய அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை.

நாடகக் கம்பெனிக்காரர்களும் மோட்டார் டிரைவர்களும் சேர்ந்து அவருக்காகக் கூட்டம் போடுகிறார்கள் என்றும், தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தால் அங்கே வாசிப்பார்கள் என்றும் சொன்னார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். பாட்டைப் பற்றியோ நாடகத்தைப் பற்றியோ எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கள் வண்டிக்குப் பெட்டியண்ணன் செய்ததைக் கூட்டத்தில் இருக்கிற உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அவிநாசிக்கு அப்பால் ஊர். அங்கே அண்ணன் தம்பிகள் எல்லாம் ஒரே வீடு, ஒரே உலை. நான் போன நாளிலிருந்து அந்த வீட்டில் உப்பு எவ்வளவு போடுவது என்றுகூட இன்னொருத்தரைக் கேட்டுத்தான் போட்டேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் அது என் அடுப்பு இல்லை. மில்லுக்காரர் ஒருவர் கழித்துப்போட்ட பழைய காரை இவர் வாங்கி, வாடகைக்கு ஓட்டுகிறேன் என்று கோயமுத்தூருக்கு வந்தபோதுதான் எனக்கென்று ஒரு அடுப்பு கிடைத்தது. அதனால் அந்தக் கார் ஓடினால்தான் நான் இங்கே இருக்க முடியும். கார் நின்றால் நானும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இவருக்கு ஒரு குணம். எதையும் தானே கழற்றித் தானே மாட்ட வேண்டும். ஏர் கலப்பையை அப்படித்தான் சரிசெய்தார், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கிணற்றுக் கவலையை அப்படித்தான் சரிசெய்தார், காரையும் அப்படியே நினைத்துக்கொண்டார். ஒருமுறை காற்றும் பெட்ரோலும் கலந்து இஞ்சினுக்குள் போகிற குழாயைக் கழற்றிக் கரி சுரண்டினார். திரும்ப மாட்டும்போது இடையில் வைக்கிற பேக்கிங் கிழிந்துவிட்டது. கடைக்குப் போகவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கவலைத் தோலில் ஒரு துண்டை, தண்ணீர் மொள்ளுகிற சாலின் அடியில் வால் போலத் தொங்குமே அந்தத் தோலை, அளவாக வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, அதையே வைத்து முடுக்கிவிட்டார். தண்ணீருக்கே அசையாத தோல் காற்றுக்கா அசையும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

காலையில் வண்டி நன்றாகக் கிளம்பும். சூடேறிய பிறகுதான் வினை. வேகமாகப் போகிறவரை ஒன்றும் தெரியாது. ரயில்வே கேட்டிலோ சந்தை முக்கிலோ நிறுத்தினால் குலுங்கிக் குலுங்கி அணைந்துவிடும். சவாரிக்காரர்கள் இறங்கி ஜட்கா வண்டி பிடிப்பார்கள். இவர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர்மேல்தான் குற்றம் என்று முடிவுகட்டி, ஒவ்வொரு நாளும் அதைக் கழற்றிக் கழுவினார். பாவம், ஒரு தப்பும் செய்யாத சாமான் அது.

இப்படி இருக்கையில் என் மச்சாண்டார், அதாவது வீட்டுக்காரரின் மூத்த அண்ணன், மகளுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளையைத் தம்பியின் காரிலேயே அழைத்துவர வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அவர் இங்கே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை. "தம்பி, மாப்பிள்ளையோட இது நடுவழில நின்னுதுன்னா, அங்கயே வித்துப்போட்டு ஊட்டுக்கு வந்துரு. ஏரு சும்மாதான் கெடக்குது." மிரட்டலாக இல்லை, நல்லதாகத்தான் சொன்னார். நான் உள்ளே நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் பெட்டியண்ணன் எங்கள் வண்டியில் சவாரி ஏறினார். நாடகக் கொட்டகையிலிருந்து ஒரு ஆர்மோனியத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் தெரு முனைக்கு வந்ததும் வண்டி வழக்கம்போல அணைந்தது. இருவரும் தள்ளிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏனுங்க, இந்தப் பெட்டி எங்கியோ காத்து உடுதுங்களே" என்றார் அவர்.

"காத்து டயர்லதான் இருக்குதுங்க பாயி. இது கார்புரேட்டர்" என்றபடி இவர் திருப்புளியை எடுத்தார்.

"அதக் கீழ வைங்க. எந்தப் பெட்டியையும் எடுத்தொடனே பிரிக்கப்படாது. மொதல்ல அதப் பேச உடோணும்."

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. தன் வண்டியைப் பற்றித் தனக்குச் சொல்ல ஒரு பாட்டுப்பெட்டிக்காரரா என்று முணுமுணுத்தார். அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, வெளக்குத் திரிக்கு வச்சிருக்கற பஞ்சு கொஞ்சம் கொண்டாம்மா. கூடவே ஒரு ஈக்குமாத்துக் குச்சி" என்றார். என்னைத் தங்கச்சி என்றது அப்போதுதான். அந்த ஒரு சொல்லில் இவருக்கு அவர் மச்சான் ஆகிவிட்டார். பிறகு எங்கே முறைத்துக்கொண்டு நிற்பது?

இஞ்சின் விசிறி சுற்றினால் பஞ்சு பறக்கும் என்று அதன் வாரை முதலில் கழற்றச் சொன்னார் அண்ணன். கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பி, அணைந்துவிடாமல் இவர் பெட்ரோலைக் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் குச்சி நுனியில் நூல்போலப் பஞ்சைச் சுற்றி, ஒவ்வொரு இணைப்பின் பக்கமும் மெல்லக் கொண்டுபோனார். ஆர்மோனியத் துருத்தியில் ஓட்டை இருந்தால் பஞ்சு வெளியே பறக்குமாம். இங்கேயும் அப்படித்தான் பறக்கும் என்று எதிர்பார்த்தார். எங்கும் பறக்கவில்லை. தான் நினைத்தது தப்புதான் போல என்று அவரே சொல்லிக் குச்சியை எடுக்கப் போனார். அப்போது இவர் தோல் வைத்த அந்தக் குழாய்ச் சேர்க்கையில் பஞ்சு போய் ஒட்டிக்கொண்டது. குச்சியை இழுத்தால் குச்சி மட்டும் வந்தது. பஞ்சு அங்கேயே நின்றது.

"அட, இது ஊதலீங்க மாப்ளே. உறிஞ்சுது" என்றார்.

அங்கே சந்து இருந்தால் எண்ணெய் அதைக் கொஞ்ச நேரம் அடைக்கும் என்றார், நான் விளக்கெண்ணெய் கொண்டுவந்தேன். பஞ்சு ஒட்டின இடத்தில் ஒரு சொட்டு விட்டதும் இஞ்சின் சத்தம் சீராகி உட்கார்ந்தது. எண்ணெய் உள்ளே போனதும் மறுபடி உதறியது. இன்னொரு சொட்டு விட்டோம், மறுபடி உட்கார்ந்தது. மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அளவாகப் போக வேண்டிய காற்றோடு இந்தச் சந்து வழியாகக் கள்ளக் காற்றும் சேர்ந்து போயிருக்கிறது. குழம்பில் தண்ணீர் கூடிப்போனதுபோல. வேகமாக ஓடும்போது வண்டி அதைத் தாங்கிக்கொண்டது, நின்றால் தாங்கவில்லை.

ஆறின பிறகு கழற்றிப் பார்த்தால், கவலைத் தோல் ஓரமெல்லாம் சுருங்கி வத்தல்போல இருந்தது. கிணற்றில் அந்தத் தோல் எப்போதும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், வேலை இல்லாத நாளில்கூட நனைத்துத்தானே வைப்போம், நெருப்புக்குப் பக்கத்தில் அது என்ன செய்யும் என்று கேட்டேன். இவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அண்ணன் அதற்காக அவரை இளப்பமாகப் பேசவில்லை. ஒன்றுதான் சொன்னார். "எல்லாத்தையும் நீங்களே செய்யிங்க மாப்ளே, அது நல்லதுதான். ஆனா எல்லாத்தையும் ஊட்ல கெடக்கறத வச்சே செய்யாதீங்க." பிறகு தானே கூடப் போய் மோட்டார்க் கடையில் சரியான பேக்கிங் வாங்கிவந்து, இவர் கையாலேயே மாட்ட வைத்தார்.

இது பரவி, சொந்தமாகப் பழுதுபார்த்துக்கொண்டு மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அவரைத் தேட ஆரம்பித்தார்கள். உங்களில் பலர் வண்டியில் அவர் பஞ்சு பிடித்திருப்பார். ஒரு டிரைவர் சுண்ணாம்பில் வெல்லம் குழைத்து இடைவெளியை அடைத்துவிட்டு வந்திருந்தார். இஞ்சின் மூடியைத் திறந்ததும் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. "இவங்களே வழி காட்டறாங்க, எனக்கு எதுக்குப் பஞ்சு?" என்று அண்ணன் குச்சியைக் கீழே வைத்ததைச் சொல்லிச் சொல்லி இவர் இன்றைக்கும் சிரிப்பார். எல்லா வண்டியும் அவருக்குப் பிடிபட்டதில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்.

கல்யாணத்துக்கு நான் முன்கூட்டியே மாட்டு வண்டியில் ஊருக்குப் போய்விட்டேன். கோயமுத்தூரிலிருந்து மாப்பிள்ளை வருகிற நேரம் பந்தலில் எல்லாப் பெண்களும் மேளத்துக்குக் காது கொடுத்தார்கள். நான் இஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றேன். வண்டி வந்தது. முன்சீட்டில் இவர் பக்கத்தில் பெட்டியண்ணன் உட்கார்ந்திருந்தார், மடியில் அதே ஆர்மோனியம். மச்சாண்டார் புருவத்தைத் தூக்கினார். "அவிநாசில ஒரு பெட்டி பழுதுங்க. போற வழிதானேன்னு ஏறிக்கிட்டேன்" என்று அண்ணன் கும்பிட்டார். ஆரத்தி எடுக்கிறவரை வண்டி அணையாமல் வாசலிலேயே நின்று ஓடியது. வழியில் ஆட்டுமந்தை மறித்தபோதும், கோயில் வாசலில் மாப்பிள்ளை இறங்கிக் கும்பிட்டபோதும் அப்படியே நின்று ஓடியதாம். ஒவ்வொரு முறையும் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாராம்.

 பொழுது சாயும்போது மச்சாண்டார் இவரைக் கூப்பிட்டு, "பொண்ணையும் இதுலியே கொண்டுபோய் உட்டுட்டு வந்துரு" என்றார். எனக்கு அது போதும். வேப்பமரத்தடியில் அண்ணனுக்கு இலை போட்டு நானே பரிமாறினேன். பந்தியில் உட்கார வைக்க என்னால் முடியவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. ரசம் நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் எனக்கு விட்டுப்போனது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். வீட்டில் எது சரியில்லாமல் போனாலும் உடனே கைவைப்பதில்லை. அதைக் கொஞ்சம் பேச விட்டுத் தள்ளி நின்று கேட்கிறேன். பிள்ளை அழுதாலும் அப்படித்தான், இவர் முகம் தூக்கினாலும் அப்படித்தான். பிறகு இந்த அடுப்பு, அண்ணா. உப்பை நானே அளந்து போடுகிற இந்த அடுப்பை உங்களால்தான் வைத்திருக்கிறேன் என்று உங்களிடம் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும் அண்ணா. அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு நீங்கள் எந்தப் பெட்டியையும் பார்க்கப் போகவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறிய அதே வண்டியில் முன்சீட்டில் ஏறி, அவிநாசியில் இறங்காமலே கோயமுத்தூருக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று இவர் சொன்னார். அவிநாசியில் உண்மையிலேயே பழுதான பெட்டி ஒன்று இருந்ததா?